நனையாத சுற்றுலாப் பயணி

கடையநல்லூர் அக்கா கூப்பிட்டிருக்காவிட்டால் நான் அந்த இங்கிலீஷ் வகுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அக்கா தென்காசியில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தவர். இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார்.

"இந்தத் தடவை என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுதாக. ஏர்போர்ட்ல ஒருத்தன் இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டா நான் என்னத்தச் சொல்ல? தனியா வகுப்புக்குப் போகவும் ஒரு மாதிரி இருக்கு. நீயும் வாட்டி."

சும்மா துணைக்கு என்றுதான் போனேன். மெடிக்கல் ஷாப்புக்கு மேலே மாடியில் ஒரே ஒரு அறை. பத்துப் பன்னிரண்டு பெண்கள். மிஸ்ஸுக்கு எங்கள் வயதில் பாதிதான் இருக்கும். நாங்கள் அவளை மிஸ் என்போம், அவள் எங்களை அக்கா என்பாள். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவாள். "அக்கா, 'ஐ இஸ்' வராதுன்னு எத்தனை தடவை சொல்லுதேன்? ஏன்க்கா இப்படிப் பண்ணுதீங்க?" என்பாள். திட்டு வாங்கியது மாதிரியே இருக்காது, ஏதோ அவளுக்கு நாம் துரோகம் செய்துவிட்டது போல இருக்கும்.

ஒரு நாள் வீட்டுப்பாடம் கொடுத்தாள். யாராவது ஒருத்தரிடம் இங்கிலீஷில் ஐந்து கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு வர வேண்டும். பெயர் என்ன, எந்த ஊர், ஏன் வந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், இந்த இடம் எப்படி இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அவரவர் கொழுந்தனையும் மைத்துனியையும் கேட்டு எழுதிக்கொண்டு போனோம். மிஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை.

"சொந்தக்காரங்க வேண்டாம்க்கா. தெரியாத ஆளா இருக்கணும். இப்ப சீசன்தான? குற்றாலத்துக்குப் போங்க. அவ்வளவு கூட்டம் வருது. ஒரு டூரிஸ்டைப் பிடிச்சுப் பேசுங்க."

சொல்வது அவளுக்குச் சுலபம். என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டு. சீசன் தொடங்கியதிலிருந்து அவருக்கு மெயின் அருவியில்தான் டூட்டி. வாயில் விசிலை வைத்துக்கொண்டு, "போதும் போதும், நகருங்க, அடுத்த ஆளுக்கு விடுங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை விரட்டிக்கொண்டு நிற்பார். அவர் கண்ணெதிரே போய், ஈரத் துண்டோடு நிற்கிற ஆம்பளைகளை நிறுத்தி, உன் பேர் என்ன, நீ என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்க முடியுமா? கடையநல்லூர் அக்கா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: "எனக்குத் தெரியாத ஆளுட்ட நான் தமிழ்லயே பேச மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு அந்தக் குழு ஞாபகம் வந்தது. இங்கிலீஷ் பழகுகிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. சேர்ந்த புதிதில் மிஸ்தான் எங்கள் எல்லோரையும் அதில் சேர்த்துவிட்டிருந்தாள். எந்தெந்த நாட்டு ஆட்களோ அதில் இருந்தார்கள். காலையில் ஆளாளுக்குக் குட் மார்னிங் போடுவார்கள், அவ்வளவுதான். நான் அதில் ஐந்து கேள்வியையும் போட்டேன். மேலே, "குற்றாலம் வந்தவர்கள் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதினேன்.

சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் பதில் வந்திருந்தது. அனுப்பியவர் தன் படத்துக்குப் பதில் ஒரு பச்சைக்கிளியின் படத்தை வைத்திருந்தார். பெயரைச் சொல்ல விரும்பவில்லை என்று எழுதியிருந்தார். ரொம்ப தூரத்திலிருந்து வருகிறாராம். நண்பர் ஒருவர் சொல்லித்தான் வந்தாராம். ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டாராம். தண்ணீர் வேகமாக விழுகிறது, மிகவும் நன்று. துண்டுகள் ஈரமாக இருந்தன. காலையில் கூட்டம் அதிகம். வருகிற பாதையைச் சரிசெய்ய வேண்டும். கடைசியாக, "ஃபோர் ஸ்டார்ஸ்."

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குற்றாலத்தை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. துண்டு ஈரம் என்பதுகூட எவ்வளவு உண்மை! அந்த ஃபோர் ஸ்டார்ஸ்தான் கொஞ்சம் புரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். சாரல் காலத்தில் வானம் மூடியே கிடக்கும், அதிலும் ஒரு நாள் ராத்திரி நாலு நட்சத்திரம் தெரிந்திருக்கிறது, அதை மனுஷன் ரசித்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். "இரவில் அவர் வானத்தில் நான்கு நட்சத்திரங்களைக் கண்டார்" என்று விரித்து எழுதினேன். மெயின் அருவியில் பார்த்த ஆள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

வகுப்பில் நான்தான் முதலில் வாசித்தேன். நட்சத்திரம் வந்ததும் மிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். "அழகா இருக்குக்கா. எல்லாரும் கவனிங்க, இந்த மாதிரிக் கடைசியில ஒரு வரி இருக்கணும்." எனக்குத் தலை உச்சியில் குளிர்ந்தது.

அடுத்து பாவூர்சத்திரம் அக்கா எழுந்தார். மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடையைத் தானே நடத்துகிறவர். லாரி சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்குச் சாதாரணக் குரலே ஏலம் போடுவது மாதிரிதான் இருக்கும். "ஐ மெட் எ மேன் இன் ஐந்தருவி!" என்று ஆரம்பித்தார். "ஹீ டிட் நாட் டெல் ஹிஸ் நேம்! ஹீ ஏட் பிரெட் அண்ட் எக்!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டு ஈரமாக இருந்தது. பாதை சரியில்லை. வானத்தில் நட்சத்திரம் இல்லை, ஆனால் "ஹீ ஹேஸ் ஃபோர் ஸ்டார்ஸ்" என்று வாசித்தார். மிலிட்டரி ஆபீசர் என்று நினைத்துக்கொண்டாராம்.

மிஸ் கடையநல்லூர் அக்காவைப் பார்த்தாள். அக்கா எழுந்து நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு வாசித்தார். அவர் ஆம்பளை என்பதை மாற்றிப் பொம்பளை ஆக்கியிருந்தார். பழைய குற்றாலத்தில் பார்த்த பொம்பளை. அவளும் பெயரைச் சொல்லவில்லை. அவளும் ரொட்டியும் முட்டையும்தான் தின்றாள். பாதி வழியில் அவள் திரும்ப ஆம்பளை ஆகிவிட்டாள்.

"இன்னும் யாருக்கெல்லாம் ரொட்டி முட்டை?" என்று மிஸ் கேட்டாள். மெதுவாகக் கைகள் எழுந்தன. புலியருவியில் ஒருத்தர், சிற்றருவியில் ஒருத்தர். ஒரே மனுஷன் ஒரே காலையில் குற்றாலத்து அருவி அத்தனையிலும் குளித்திருக்கிறான். எல்லா இடத்திலும் முட்டை தின்றிருக்கிறான்.

மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, இது காப்பி. சீட்டிங். எல்லாரும் சீட்டிங் பண்ணியிருக்கீங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மிஸ், நீங்க என்ன சொன்னீங்க? தெரியாத ஆளுட்ட இங்கிலீஷ்ல கேக்கணும்னீங்க. நான் தெரியாத ஆளுட்ட இங்கிலீஷ்லதான் கேட்டேன். அவரு நனைஞ்சிருக்கணும்னு நீங்க சொல்லலியே."

"குற்றாலத்துக்குப் போகச் சொன்னேன்லாக்கா?"

"போனாத்தான் கேக்க முடியும்னு சொன்னீங்க. போகாமலே கேட்டுட்டேன்."

பாவூர்சத்திரம் அக்கா எனக்குத் துணைக்கு வந்தார். "புளியங்குடியில எலுமிச்சை என்ன விலைன்னு நான் தினமும் போன்லதான் கேக்கேன். நேர்ல போயா பாக்கேன்? அது என்ன சீட்டிங்கா?"

"நீங்க கேக்கவே இல்லையேக்கா, நான் கேட்டதைப் பாத்து எழுதினீங்க," என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது. நான் கேட்டவள். இவர்கள் காப்பி அடித்தவர்கள். இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகம் கிடையாது. கடையநல்லூர் அக்கா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்டு வரவில்லை.

சத்தம் அடங்கட்டும் என்று மிஸ் கையைத் தட்டினாள். "சரி. அந்த ஆளையே கேப்போம். அவர் குற்றாலத்துக்கு வந்தாரா இல்லையான்னு கேளுங்க. வந்திருந்தாருன்னா உங்களுக்கு மார்க் போடுதேன்."

நான் எல்லோர் முன்னாலும் டைப் செய்தேன். ஐயா, நீங்கள் குற்றாலத்துக்கு வந்தீர்களா? எல்லோரும் என் தோளுக்கு மேலே வந்து எட்டிப் பார்த்தார்கள். பச்சைக்கிளி உடனே பதில் போட்டது. வரவில்லை என்று ஒப்புக்கொண்டது. அதற்குக் கீழே இன்னொரு வரி: "மன்னிக்கவும், குற்றாலம் என்பது உங்கள் ஓட்டலின் பெயர்தானே?"

மிஸ்தான் முதலில் சிரித்தாள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நான் எழுதிய வரியைப் பார்த்து, ஏதோ ஓட்டல்காரர்கள் தங்கிப்போனவர்களிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். தண்ணீர் வேகம் என்றது குளியலறைக் குழாயை. ஃபோர் ஸ்டார்ஸ் என்றது ஓட்டலுக்குப் போட்ட மதிப்பெண்.

"தங்காத ஓட்டலுக்கு எதுக்குய்யா மார்க் போட்ட?" என்று பாவூர்சத்திரம் அக்கா போனைப் பார்த்துக் கேட்டார். அதை நான் முடிந்த அளவு இங்கிலீஷில் கேட்டேன். அவர் தானும் இங்கிலீஷ் பழகுகிற ஆள்தான் என்றும், யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகச் சொல்லி அவருடைய வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார் என்றும் எழுதினார். என் கேள்விதான் அவருக்குக் கிடைத்த முதல் கேள்வியாம். நன்றி சொல்லி ஒரு பூவும் அனுப்பினார்.

"பாத்தீங்களா, இவருதான் நம்மள ஏமாத்தியிருக்காரு," என்றார் கடையநல்லூர் அக்கா, ரொம்ப நிம்மதியாக.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கதையைச் சொன்னேன். அவர் பூட்ஸைக் கழற்றி, காலுறையைப் பிழிந்துகொண்டே கேட்டார். "தெரியாத ஆளுட்ட ஓடிபி சொல்லாதீங்க, ஓடிபி சொல்லாதீங்கன்னு ஊரெல்லாம் மைக் கட்டிச் சொல்லுதோம். எம் பொண்டாட்டி ஹோம்வொர்க்கே குடுத்து வச்சிருக்கா."

"குடுக்கலங்க. கேட்டேன்."

"ஏமாந்தவங்க எல்லாரும் ஸ்டேஷன்ல வந்து அதைத்தான் சொல்லுதாக," என்றார்.

மிஸ் விடவில்லை. அடுத்த வகுப்பை அருவியிலேயே வைத்துவிட்டாள். எல்லோரும் டவுன் பஸ் ஏறிக் குற்றாலத்தில் இறங்கினோம். சாரல் ஊசி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஈரத் துண்டும் சிப்ஸ் பொட்டலமுமாக ஜனம் நெருக்கியது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் நடந்தேன். விசில் சத்தம் எந்தப் பக்கம் வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகவே போனேன்.

முதலில் ஒரு புருஷன் பெண்டாட்டியை மறித்தோம். கடையநல்லூர் அக்கா, "எக்ஸ்கியூஸ் மீ" என்றதுமே அந்த அம்மா, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா, நாங்க விருதுநகர்லயே வாங்கிட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னத்தை வாங்கினார்களோ தெரியாது. அடுத்து ஒரு மலையாளக் குடும்பம். அக்காவுக்குச் செங்கோட்டையில் சொந்தம் உண்டு, மலையாளம் கொஞ்சம் வரும். "சுகந்தன்னே சேச்சி?" என்று ஆரம்பித்தவர் அதோடு இங்கிலீஷை மறந்துவிட்டார். அவரும் அந்தச் சேச்சியும் ரம்புட்டான் கடை ஓரமாக ஒதுங்கி, மகள்களைக் கட்டிக்கொடுத்த கதைக்குப் போய்விட்டார்கள்.

எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் மட்டும்தான் நல்ல இங்கிலீஷ் பேசினார். "ஃபுல் பாடி, ஹாஃப் பாடி, ஒன்லி ஹெட். விச் ஒன் மேடம்?" என்றார். நான் சந்தோஷமாக நோட்டை எடுத்தேன். அவர் உள்ளூர்க்காரர், டூரிஸ்ட் கணக்கில் வரமாட்டார் என்று மிஸ் தடுத்துவிட்டாள்.

கடைசியில் ஒரு பையன் வசமாக மாட்டினான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையாம். இடுப்பில் துண்டோடு வரிசையில் நின்றான். அவனால் ஓட முடியாது, ஓடினால் வரிசையில் இடம் போய்விடும். பாவூர்சத்திரம் அக்கா நேரே போய் நின்று, தக்காளி ஏலம் விடுகிற குரலில், "வாட் இஸ் யுவர் நேம்! வேர் ஆர் யூ ஃப்ரம்!" என்றார். பையன் பயந்து சரியாகப் பதில் சொன்னான். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று எழுதினோம். அக்கா கேட்கிற சுவாரஸ்யத்தில் கேள்வித்தாளில் இல்லாததையும் கேட்டுவிட்டார். சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்.

பையனின் அம்மா பெண்கள் வரிசையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "சார்! சார்! இங்க வாங்க! ஒரு கும்பல் என் பிள்ளையச் சுத்திக்கிட்டு விவரம் கேக்குது!" என்று கத்தினார்.

விசில் வந்தது. நான் ஒளிவதற்குத் தூண் தேடினேன். எங்கே போய் ஒளிய? மழைக்கோட்டும் தொப்பியுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியாக என்னிடம் வந்து கண் நின்றது.

"ஏட்டி! நீ இங்கன என்ன பண்ணுத?"

"ஹோம்வொர்க்குங்க," என்றேன்.

"யாரு இதுக்குப் பொறுப்பு?"

மிஸ் முன்னால் வந்தாள். பதற்றத்தில் அவளுக்கு இங்கிலீஷ்தான் வந்தது. வீ ஆர் ஸ்டூடண்ட்ஸ், திஸ் இஸ் ஆன் ஆக்டிவிட்டி என்று மூச்சு விடாமல் சொன்னாள். என் வீட்டுக்காரருக்கு, இத்தனை பெண்கள் முன்னால் விட்டுக்கொடுக்க மனசில்லை. நெஞ்சை நிமிர்த்தி, "ஓகே. நோ ப்ராப்ளம். பட் திஸ் இஸ் க்யூ," என்றார். பையனின் அம்மாவை, "ஒண்ணுமில்லம்மா, படிக்கிற பிள்ளைக" என்று சமாதானம் செய்து அனுப்பினார். எங்களைப் பிள்ளைகள் என்றதும் பாவூர்சத்திரம் அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

"மிஸ், எங்களுக்கு இவரு தெரியாத ஆளுதான? இவர்ட்டயே கேட்டுருவோம்," என்றார் அக்கா. மிஸ்ஸுக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. சரி என்றாள். எல்லோரும் நோட்டைத் திறந்துகொண்டு அவரைச் சூழ்ந்தார்கள்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

மழைக்கோட்டை விலக்கி நெஞ்சிலிருந்த பேட்ஜைக் காட்டினார்.

"வேர் ஆர் யூ ஃப்ரம்?"

"டிபார்ட்மென்ட்."

"ஒய் டிட் யூ கம் ஹியர்?"

"பந்தோபஸ்து."

"வாட் டிட் யூ ஈட்?"

"நத்திங்."

எனக்குப் பொறுக்கவில்லை. "காலையில எலுமிச்சைச் சோறு கட்டிக் குடுத்தனே?"

"மங்கி," என்றார். "டெய்லி மங்கி."

தினமுமா? தினமும் காலிப் பாத்திரம் திரும்பி வருவதைப் பார்த்து, மனுஷனுக்கு என் எலுமிச்சைச் சோறு அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நான் விடாமல் அதையே கிளறிக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கேள்விக்கு, இந்த இடம் எப்படி இருக்கிறது என்பதற்கு, அவர் விசிலை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தார். இங்கிலீஷ் போதவில்லை போல, தமிழுக்கு வந்தார். "நான் எங்க பாத்தேன்? அருவிக்கு முதுகைக் காட்டிட்டுத்தான நிக்கேன். ஆளுகளைத்தான பாக்கேன். எத்தனையோ சீசன் பாத்தாச்சு, ஒரு நாளும் உள்ள போய் நின்னதில்ல. முதுகு மட்டுந்தான் நனையுது." அப்புறம் மிஸ்ஸைப் பார்த்து, "ஒன்லி பேக் சைடு ஐ கெட் வெட்," என்று முடித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுதினார்கள். நானும் எழுதப் போனேன். மிஸ் என் நோட்டில் கையை வைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு இவர் தெரியாத ஆளு இல்லையே."

எனக்கு முன்னால் பாவூர்சத்திரம் அக்கா பதில் சொன்னார். "சோத்தைக் குரங்கு தின்னது இவளுக்குத் தெரியாது. அருவியில நின்னதே இல்லங்கது தெரியாது. இதுக்கு மேல எப்படி மிஸ் தெரியாத ஆளா இருக்க முடியும்?"

மிஸ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்து அவருக்கு ஓய்வு கிடைத்த நாளில், விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் குற்றாலம் போனோம். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். யூனிபார்ம் இல்லாமல், ஒரு பழைய கைலியோடு அவர் ஆண்கள் வரிசையில் நின்றார். நான் பெண்கள் பக்கம் சீக்கிரம் குளித்து முடித்து வெளியே வந்து பார்த்தேன். அவர் அருவிக்குள் நின்றுகொண்டிருந்தார். கண்ணை மூடி, வாயைத் திறந்து, இரண்டு கையையும் பாறையில் ஊன்றி, தண்ணீர் மொத்தத்தையும் தலையில் வாங்கிக்கொண்டு நின்றார். பின்னால் இருந்தவர்கள் மெல்ல முதுகைத் தொட்டுப் பார்த்தார்கள். நகரவில்லை. ஒருத்தர் இடுப்பில் இடித்தார். அதற்கும் நகரவில்லை.

டூட்டியில் இருந்தது ஒரு இளவட்டக் கான்ஸ்டபிள், வெளியூரிலிருந்து சீசனுக்கு வந்தவன் போல. விசிலை ஊதினான். "அண்ணாச்சி! போதும் போதும்! நகருங்க, அடுத்த ஆளுக்கு விடுங்க!"

அவர் கண்ணைத் திறந்து திரும்பினார். முகத்தில் தண்ணீர் வழிய, "எந்த ஸ்டேஷன்லே நீ?" என்று கேட்டார். அருவிச் சத்தத்தில் அவனுக்கு அது கேட்கவில்லை. இன்னொரு தடவை ஊதினான். அவர் வெளியே வந்தார், என் பக்கம் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்துபோய், மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.